எந்த நாடு நம்மை வரவேற்கும்?

வானொலி மறையுரை
பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
குடிபெயர்ந்தோர் மற்றும் புலம்பெயர்ந்தோர் உலக நாள்
எண் 11:25-29, யாக் 5:1-6, மாற் 9:38-43, 45, 47-48



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போது, இப்போதெல்லாம் நம் காதில் அடிக்கடி விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "உங்க பையன் எங்க போறான்?" "கனடாவுக்குத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்." "அங்க இப்ப ரொம்பக் கெடுபிடியாமே?" "ஆமா, அதான் ஜெர்மனிக்குப் போகலாமான்னு யோசிக்கிறான்." கடைசியில் யாராவது ஒருவர் பெருமூச்சோடு கேட்பார்: "அப்ப எந்த நாட்டுலதாங்க நம்மளச் சேர்த்துக்குவாங்க?"

பட்டப்படிப்பு முடித்த மகன், செவிலியர் பயிற்சி பெற்ற மகள், வெல்டிங் கற்றுக்கொண்ட தம்பி என்று நம் அன்பியத்தில் வீட்டுக்கு ஒருவர் இந்தக் கேள்வியோடு இருக்கிறார்கள். இதற்காக நகை அடகுக்குப் போகிறது. நிலம் விலைக்குப் போகிறது. இரவு செபமாலையில் இதுவே கருத்தாக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. எந்த நாடு நம்மை வரவேற்கும்? குடிபெயர்ந்தோரைத் திருஅவை நினைவுகூரும் இந்த ஞாயிறன்று, இந்தக் கேள்வியை இறைவார்த்தையின் முன் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவோம். இந்தக் கேள்வியில் பாவம் எதுவுமில்லை. "சொந்த மண்ணில் கஞ்சி குடித்தாலும் போதும், ஏன் ஓடுகிறீர்கள்?" என்று இளைஞர்களைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் திருஅவை அப்படிப் பேசுவதில்லை. திருத்தந்தை 12ஆம் பயஸ் 1952ஆம் ஆண்டு குடிபெயர்ந்தோரைப் பற்றி எழுதிய திருத்தூது ஆவணத்தை எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்திலிருந்துதான் தொடங்கினார். தக்க காரணத்தோடு வேறு நாட்டுக்குச் சென்று வாழ்வது மனிதருக்குரிய உரிமைகளுள் ஒன்று என்று திருத்தந்தை 23ஆம் யோவான் 1963ஆம் ஆண்டு தமது சுற்றுமடலில் கூறினார். 2023ஆம் ஆண்டு இதே நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த கருப்பொருள், போவதற்கும் இருப்பதற்கும் மனிதருக்குச் சுதந்திரம் வேண்டும் என்பது. போகவும் உரிமை உண்டு; போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஊரிலேயே மாண்போடு வாழவும் உரிமை உண்டு.

நம் புனித யோசேப்பு எகிப்திலிருந்து திரும்பிய நிகழ்வை மத்தேயு நற்செய்தி 2ஆம் பிரிவில் மீண்டும் வாசித்துப் பாருங்கள். புறப்படச் சொன்னது வானதூதர். ஆனாலும் யோசேப்பு கண்ணை மூடிக்கொண்டு யூதேயாவுக்குள் போய்விடவில்லை. அங்கே இப்போது யார் ஆட்சி செய்கிறார் என்ற செய்தியைக் கவனிக்கிறார். ஏரோதின் மகன் அர்க்கெலா என்று தெரிந்ததும் அஞ்சுகிறார், கனவில் எச்சரிக்கையும் பெறுகிறார், கலிலேயாவுக்குப் போகிறார். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு செல்லும் ஒரு குடும்பத் தலைவர் போகிற இடத்தைப் பற்றி விசாரித்தது விசுவாசக் குறைவு அல்ல. ஆகவே விசாரியுங்கள். ஆனால் எதை விசாரிப்பது? அங்கேதான் நாம் தவறிவிடுகிறோம்.

'நல்ல நாடு', 'வரவேற்கும் நாடு' என்று நாடுகளுக்கு நாம் பெயர் சூட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது கனடா. அந்த நாட்டின் கரையை நாடிச் சென்ற நான்கு பயணங்களின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1914ஆம் ஆண்டு மே மாதம் 'கோமகட்டா மாரு' என்ற ஜப்பானியக் கப்பல் வான்கூவர் துறைமுகத்துக்கு வந்தது. அதில் நம் இந்திய நாட்டவர் 376 பேர் இருந்தனர். பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர்கள். சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல் நேரே வருபவர்களுக்குத்தான் இடம் என்ற விதி அவர்களுக்குக் காட்டப்பட்டது. இந்தியாவிலிருந்து அப்படி நேரே போகும் கப்பலே அன்று கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே போடப்பட்ட விதி அது. இரண்டு மாதம் கப்பல் கரையைப் பார்த்தபடி நின்றது. உணவுக்கும் குடிதண்ணீருக்கும் தட்டுப்பாடு. ஏறக்குறைய 20 பேரைத் தவிர எவரையும் இறங்க விடாமல் கப்பலைத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே கரை சேர்ந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் சுமார் 20 பேர் இறந்தார்கள்.

1939ஆம் ஆண்டு 'செயின்ட் லூயிஸ்' என்ற கப்பல் 900-க்கும் மேற்பட்ட யூத மக்களோடு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது. கியூபா கதவை அடைத்தது. அமெரிக்கா அடைத்தது. கனடாவும் அடைத்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் இருந்தவர்களுள் 254 பேர் பின்னர் நாத்சிகளின் கொடுமையில் மாண்டார்கள்.

அதே கனடாவுக்கு 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளின் அகதிகள் சுமார் 60,000 பேர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டவர்கள் சாதாரணக் குடிமக்கள். ஒரு பங்குத்தளமோ, ஐந்து குடிமக்கள் சேர்ந்த ஒரு குழுவோ ஓர் அகதிக் குடும்பத்தின் முதலாண்டுச் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடலாம் என்று சட்டம் வழிவிட்டது. வீடு பார்த்துக் கொடுப்பது, குளிருக்கு உடை வாங்குவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் கூட்டிப் போவது எல்லாம் அந்தக் குழுவின் வேலை. இதற்காக அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் நான்சன் விருது 1986ஆம் ஆண்டு கனடா மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் எல்லாருக்குமாக அந்த விருது தரப்பட்டது அதுவே முதல் முறை.

அதே 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நியூஃபவுண்ட்லாந்து கடற்கரைக்கு அப்பால், அடர்ந்த மூடுபனியில் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் நெருக்கியடித்து இருந்தவர்கள் 155 பேர். எல்லாரும் ஈழத்தமிழர்கள். அவர்களைக் கண்டவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். அவர் மற்றப் படகுகளையும் அழைத்தார். மீனவர்கள் அவர்களை ஏற்றிக் காப்பாற்றினார்கள். நம் கடற்கரைப் பங்குகளில் இருப்பவர்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. கடலில் மனிதர் தத்தளித்தால் மீனவர் கடவுச்சீட்டு கேட்பதில்லை.

அவர்கள் இந்தியாவிலிருந்து நேராக வந்ததாக முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்பது பிறகு தெரிந்தது. நாட்டில் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் அனுமதி தந்தது. இன்று கனடாவில் வேரூன்றியிருக்கும் தமிழ்ச் சமூகம் அந்த இரண்டு படகுகளை மறக்கவில்லை.

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அதே நாட்டின் மேற்குக் கரைக்கு 'சன் சீ' என்ற கப்பலில் 492 ஈழத்தமிழர்கள் வந்தார்கள். அவர்களை எதிர்கொண்டது தடுப்புக்காவல். பெண்களும் குழந்தைகளும்கூட அடைத்து வைக்கப்பட்டார்கள். சிலர் பல மாதங்கள் உள்ளே இருந்தார்கள்.

முதல் கப்பலுக்கு நடந்ததற்காக 2016ஆம் ஆண்டும், இரண்டாவது கப்பலுக்கு நடந்ததற்காக 2018ஆம் ஆண்டும் கனடாவின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்பதற்கும் மனம் வேண்டும். அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதே நாடு மாணவர் விசா எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. படிக்க வருபவர் கையில் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏறியது. ஆண்டுக்கணக்கில் தயாரித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் பலர் நடுவழியில் நின்றுபோனார்கள்.

அப்படியானால் கனடா வரவேற்கும் நாடா, வரவேற்காத நாடா? நேயர்களே, இந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. நாடு என்பது வரைபடத்தில் இருக்கிற ஒரு பெயர். வரவேற்பதும் விரட்டுவதும் அந்த நேரத்தில் கரையில் நிற்கிற மனிதர்கள். தேர்தல் வந்தால் சட்டம் மாறும். வேலை குறைந்தால் முகம் மாறும். மூடுபனியில் படகைத் திருப்பிக்கொண்டு போகிற ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தாரா இல்லையா என்பதுதான் கடைசியில் நிற்கிறது.

திருவிவிலியத்திலும் இப்படி ஒரு நாடு உண்டு. அதன் பெயர் மோவாபு. இஸ்ரயேல் மக்கள் எகிப்திலிருந்து களைத்து வந்தபோது உணவோடும் தண்ணீரோடும் எதிர்கொண்டு வராத மக்கள் என்று இணைச்சட்ட நூல் 23ஆம் பிரிவு மோவாபியர்மேல் குற்றம் சாட்டுகிறது. ஆகவே அவர்கள் ஆண்டவரின் சபையில் சேரக் கூடாது என்றும் விதிக்கிறது. தாகத்தோடு வந்தவர்களுக்குத் தண்ணீர் தராத நாடு! தலைமுறை தலைமுறையாக அதற்கு இந்தப் பெயர்தான்.

ஆனால் ரூத்து நூலைத் திறந்தால் என்ன பார்க்கிறோம்? அப்பத்தின் வீடு என்று பொருள்படும் பெத்லகேமில் பஞ்சம். நகோமியின் குடும்பம் பிழைக்க வழி தேடிப் புறப்படுகிறது. எந்த நாட்டுக்கு? மோவாபுக்கு. தண்ணீர் தராத அந்த நாடு அவர்களுக்குச் சோறு போடுகிறது, ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இருக்க இடம் தருகிறது, பெண்ணும் தருகிறது. பிறகு கணவரையும் இரண்டு மகன்களையும் அந்த மண்ணில் புதைத்துவிட்டு நகோமி ஊர் திரும்புகிறபோது, மருமகள் ரூத்து கூடவே வருகிறார். இப்போது ரூத்துதான் அயல்நாட்டவர். வேண்டாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிய இனத்தில் பிறந்த பெண். கையில் காசு இல்லை. அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கப் போகிறார்.

அந்த வயலின் உரிமையாளர் போவாசு. அவர் ரூத்திடம் சொன்னவற்றுள் ஒன்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தாகம் எடுத்தால் என் வேலையாள்கள் மொண்டு வைத்திருக்கும் குடத்திலிருந்து நீ போய்க் குடித்துக்கொள் என்கிறார். உன் முன்னோர் எங்கள் முன்னோருக்குத் தண்ணீர் தரவில்லையே என்று அவர் கணக்குப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏன்? மத்தேயு தரும் மூதாதையர் பட்டியலைப் பாருங்கள். போவாசின் தாய் இராகாபு. அவரும் வேற்றினப் பெண்; எரிகோவில் இஸ்ரயேல் ஒற்றர்களுக்கு உயிரைப் பணயம் வைத்து அடைக்கலம் கொடுத்தவர். வெளியிலிருந்து வந்த தாயின் மகனுக்கு, வெளியிலிருந்து வந்த பெண்ணின் தாகம் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு குடம் தண்ணீரின் வழியாகத்தான் தாவீதின் குலம் வருகிறது. அந்தக் குலத்தில்தான் நம் ஆண்டவர் பிறக்கிறார்.

இன்றைய நற்செய்திக்கு இப்போது வருவோம். யோவான் இயேசுவிடம் ஓடி வந்து பெருமையோடு ஒரு செய்தி சொல்கிறார்: உம் பெயரால் ஒருவர் பேய் ஓட்டினார், அவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல, ஆகவே தடுத்துவிட்டோம். முதல் வாசகத்தில் யோசுவாவும் இதையே செய்கிறார். கூடாரத்துக்கு வராத எல்தாது, மேதாது என்ற இருவர்மீதும் ஆவி இறங்கிவிட்டது. அவர்களைத் தடுத்து நிறுத்தும் என்று மோசேயிடம் முறையிடுகிறார். இருவரும் கெட்டவர்கள் அல்லர். தலைவர்மேல் பாசம் மிக்கவர்கள். ஆனால் உள்ளே இருக்கிற தங்களுக்கு வெளியே நிற்பவரைத் தடுக்கும் உரிமை உண்டு என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். மோசேயும் தடுக்கவில்லை, இயேசுவும் தடுக்கவில்லை. அதோடு இயேசு, ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுக்கிறவர்கூடத் தம் கைம்மாற்றை இழக்கமாட்டார் என்கிறார்.

இந்த இடத்தில் நாம் யார் என்று கவனிக்க வேண்டும். இங்கே தண்ணீர் வாங்கிக் குடிப்பவர்கள் சீடர்கள். ஆண்டவரின் பெயரால் ஊர் ஊராகப் போகிறவர்கள் அவர்கள்தான். அடுத்தவர் கை நீட்டித் தந்தால்தான் அவர்கள் தாகம் தீரும். வாங்கிக் குடிக்கிற நிலையில் இருப்பவர்கள், "நம்மைச் சேர்ந்தவர் அல்ல" என்று இன்னொருவரைத் தடுக்கலாமா? இதுதான் இன்றைய இறைவார்த்தை நம்மிடம் கேட்பது.

அன்பு இளைஞர்களே, பெற்றோரே, போவதென்று முடிவெடுத்திருக்கிற உங்களுக்கு முதலில் சில சொற்கள். குடிபெயர்ந்தோருக்கு நாம் செய்ய வேண்டியவற்றைத் திருத்தந்தை பிரான்சிஸ் நான்கு வினைகளில் சொன்னார்: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்கவும் இந்த நான்கையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

வரவேற்றல்: நாம் உண்மையில் செய்யப்போகிற வேலைக்கே விசா தருகிறார்களா? 'சுற்றுலா விசாவில் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்' என்று ஏஜெண்ட் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி நம்பிப் போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி அடிபட்ட தமிழ் இளைஞர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் நடுவண் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். அவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி வரியும்தான் வாங்கலாம் என்பது சட்டம். இலட்சக்கணக்கில் கேட்பவர் எந்தச் சட்டப்படி கேட்கிறார் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது.

பாதுகாத்தல்: சம்பளம் தராவிட்டால் அங்கே யாரிடம் முறையிடலாம்? முதலாளி சரியில்லை என்றால் வேறு வேலைக்கு மாறலாமா? வளைகுடா நாடுகளில் தங்கும் உரிமையே முதலாளியின் பொறுப்பேற்பில் தொங்குகிற முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. சில நாடுகள் அதைத் தளர்த்தியிருக்கின்றன. போகிற நாட்டில் இன்றைய நிலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

மேம்படுத்தல்: நம் படிப்பை அங்கே ஏற்றுக்கொள்வார்களா? செவிலியர் சான்றிதழோடு போன மகள் ஆண்டுக்கணக்கில் வேறு வேலை பார்க்க நேரிடுமா? எந்த மொழித் தேர்வு, எந்த உரிமம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

ஒருங்கிணைத்தல்: மனைவியை, பிள்ளைகளை அழைத்துக்கொள்ளலாமா? பி.ஆர். என்று சொல்கிறோமே, அந்த நிரந்தர வதிவிட உரிமைக்கு வழி உண்டா? நாளை பிறக்கிற பிள்ளை அந்த மண்ணின் பிள்ளையாகுமா? வளைகுடாவுக்குப் போவது எளிது. ஆனால் எத்தனை ஆண்டு உழைத்தாலும் பொதுவாகத் தொழிலாளிக்கு அங்கே குடியுரிமை கிடைப்பதில்லை. இது தெரிந்து போகிறவர் ஊரில் ஒரு கூரையைக் காப்பாற்றி வைப்பார்; தெரியாமல் போகிறவர் வயதான காலத்தில் இரண்டு இடத்திலும் அயலவராகிவிடுவார். போகிற ஊரில் ஆலயம் எங்கே, தமிழ்த் திருப்பலி உண்டா என்பதையும் விசாரியுங்கள். தனி அறையில் தவிக்கிற இரவுகளில் நம்மைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அங்கே அறிமுகமானவர்களாகத்தான் இருப்பார்கள்.

இத்தனையும் விசாரித்துவிட்டு, இதே நான்கு கேள்விகளையும் நம் பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு ஏழெட்டு இளைஞர்கள் வருவார்கள். பக்கத்தில் நடந்த கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத்தவர்கள். பின்கதவு அருகே செருப்பு விடும் இடத்தில் நிற்பார்கள். வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு திருவிழா நாளில் கூட்டம் நெருக்கியபோது, "நம்ம ஆளுங்க நிக்க இடமில்லை, நீங்க வெளியே நில்லுங்கப்பா" என்று நம்மில் ஒருவர் சைகையால் சொன்னார். அவர்கள் ஒன்றும் பேசாமல் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். அதைப் பார்த்த நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

கிறிஸ்து பிறப்பு இரவில் 'உன்னதங்களிலே' தொடங்கி மணிகள் ஒலித்தபோது, மரத்தடியில் அவர்கள் தங்கள் மொழியில் அதே பாடலைப் பாடிக்கொண்டு நின்றார்கள். திருப்பலி முடிந்து போய்க் கேட்டோம். ஜார்க்கண்டின் சிம்டேகா பகுதியைச் சேர்ந்தவர்கள். தாத்தா காலத்திலிருந்தே கத்தோலிக்கர்கள். அருள்பணியாளர் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885ஆம் ஆண்டு சோட்டாநாக்பூருக்கு வந்து, நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடி மக்களுக்காக வழக்கு மன்றம் வரை துணை நின்றாரே, அந்தத் திருஅவையின் பிள்ளைகள். "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டோம். அரைகுறைத் தமிழில் ஒருவர் சொன்னார்: "யாரும் கேக்கல, ஃபாதர்."

எட்டு மாதம் நம் ஆலயத்தில் நின்றிருக்கிறார்கள். ஒருவர்கூடப் பெயர் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த மக்கள் ஊரில் தங்கள் தம்பிமாருக்குத் தமிழ்நாட்டைப் பற்றி என்ன சொல்லியிருப்பார்கள்? எந்த ஊர் நம்மை வரவேற்கும் என்று அவர்கள் வீட்டு முற்றத்திலும் பேச்சு நடக்கும் அல்லவா?

இரண்டாம் வாசகத்தில் புனித யாக்கோபு இன்னும் கடுமையாகப் பேசுகிறார். அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். நம்மில் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறோம். பட்டறையும் உணவகமும் நடத்துகிறோம். வீட்டை வாடகைக்கு விடுகிறோம். 'ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்' என்று ஆறு மாதக் கூலியைப் பிடித்து வைப்பவர்கள் நம்மில் இல்லையா? ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குபவர்கள் இல்லையா? துபாயில் நம் பிள்ளையின் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்தால் அழுகிறோம். இங்கே ஒருவரின் ஆதார் அட்டையை மேஸ்திரி வாங்கி வைத்திருந்தால் அதை நாம் பாதுகாப்பு என்கிறோம்.

இன்னொரு கூட்டமும் நம் நடுவில் இருக்கிறது. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக 50,000-க்கும் மேற்பட்டோர் மண்டபம், கும்மிடிப்பூண்டி உள்ளிட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியிருக்கிறது. ஆனால் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே திருமணம் முடித்த பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. பட்டம் இருக்கிறது, கடவுச்சீட்டு இல்லை. சட்டம் நம் கையில் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் முகாமில் வாழும் ஒரு குடும்பத்தோடு பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும், அந்தப் பிள்ளையை நம் பீடப்பணியாளர் வரிசையில் நிறுத்துவதும், முகாம் வாசலைத் தாண்டி உள்ளே போய் அன்பியக் கூட்டம் நடத்துவதும் எந்தச் சட்டத்தின் கையில் இருக்கிறது?

ஆகவே நேயர்களே, இந்த வாரம் நம் பங்கில் இரண்டு காரியம் செய்வோம். ஒன்று, அடுத்த ஞாயிறு பின்கதவு அருகே நிற்பவரிடம் போய்ப் பெயர் கேட்போம். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை; பெயர் கேட்பது எந்த மொழியிலும் புரியும். முன்வரிசைக்கு அழைத்து வருவோம். மாதம் ஒரு முறையாவது அவர்கள் மொழியில் ஒரு வாசகமும் ஒரு பாடலும் நம் திருப்பலியில் ஒலிக்கட்டும். இரண்டு, நம்மிடம் வேலை செய்பவருக்குத் தர வேண்டிய கூலி நிலுவை ஏதும் இருந்தால், அடுத்த நற்கருணை வாங்குவதற்கு முன் அதைத் தீர்ப்போம்.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கும் ஒரு சொல். கடவுள் உங்களுக்கு ஒரு கதவைத் திறந்து, அந்த நாட்டில் கால் ஊன்றியதும், உங்களுக்குப் பின்னால் வருகிறவரைப் பார்த்து 'இவர்கள் வந்துதான் நம் பெயரைக் கெடுக்கிறார்கள்' என்று சொல்லாதீர்கள். அது யோவான் பேசிய பேச்சு. ஆண்டவர் திருத்திய பேச்சு. உங்களை எதிர்கொண்டு வந்து அழைத்துப்போன ஒருவர் இருந்திருப்பார். அடுத்து வருபவருக்கு அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

2024ஆம் ஆண்டு இந்த நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தந்த கருப்பொருள், கடவுள் தம் மக்களோடு நடக்கிறார் என்பது. நாம் போகிற நாட்டுக்கும் அவர் நமக்கு முன்பே போய்விடுகிறார். நம் ஊருக்கு வருபவரோடும் அவரே நடந்து வருகிறார். எந்த நாடு நம்மை வரவேற்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிற நம் வாசலில், தாகத்தோடு நிற்பவரும் அவராக இருக்கலாம்.

செபிப்போமாக: எகிப்தில் அயலவராக வாழ்ந்த ஆண்டவரே, நாடு விட்டு நாடு செல்லும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்கள் இறங்கும் கரையில் நல்ல மனிதரை நிறுத்தி வையும். எங்கள் கரையில் இறங்குகிறவர்களுக்கு நாங்கள் அந்த நல்ல மனிதராக இருக்க எங்களுக்கு மனம் தாரும். மரத்தடியில் நிற்க வைத்த எங்கள் குற்றத்தை மன்னித்தருளும். ஆமென்.

தந்தை, மகன், தூய ஆவியாராகிய எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும், தொலைவில் இருக்கும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.